டெல்லி கோல்ஃப் மைதானத்துக்கு எந்தக் காற்று முன்னறிவிப்பு உதவும்?

நவம்பரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் காலை ஆட்டத்துக்குக் கிளம்புகிறவர் மூன்று செயலிகளைத் திறந்தால் மூன்று விதமான காற்று தெரியும். ஒன்று 341 என்று சிவந்து நிற்கும். இன்னொன்று 137 என்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மூன்றாவது, மைதானத்தின் பெயரையே தலைப்பில் போட்டுக்கொண்டு, தனக்கென்று ஒரு எண்ணும் தனக்கென்று ஒரு வண்ணமும் காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்து ஆடுவதா, பக்கி எனும் மின்வண்டி எடுப்பதா, மதியத்துக்குத் தள்ளிவைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு இவற்றில் எது கைகொடுக்கும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முந்தைய நாள் மாலை, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் (ஐஐடிஎம்) நடத்தும் டெல்லிக்கான காற்றுத் தர முன்னெச்சரிக்கைத் தளம். மறுநாள் கிளம்பும் முன், பக்கத்து நிலையத்தில் பதிவான கடைசி ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு, அதாவது காற்றில் உள்ள மிக நுண்ணிய துகளின் அளவு. இரண்டும் இலவசம், இரண்டும் போதும். கூகுள் வரைபடத்துக்குச் சின்ன வேலை ஒன்று உண்டு. மைதானத்தின் பெயரைத் தாங்கி வரும் வானிலைப் பக்கங்களுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை.

மைதானத்தின் பெயரில் வரும் பக்கம்

அக்யூவெதர் போன்ற தளங்களில் ஊர்ப் பெயரைப் போலவே கோல்ஃப் மைதானத்தின் பெயரையும் போட்டுத் தேடலாம். வெப்பநிலை, மழை, காற்றுத் தரம் எல்லாம் அந்தப் பெயரிலேயே வரும். பார்ப்பவருக்கு ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீக்குப் பக்கத்தில் ஒரு கருவி நிற்பது போலத் தோன்றும். அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது மைதானத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும்தான். அந்தப் புள்ளி வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்துக்குக் கணினியில் ஓடும் கணிப்பு மாதிரி (மாடல்) சொல்லும் மதிப்பு எடுத்துப் போடப்படுகிறது. பக்கத்தில் உள்ள கான் மார்க்கெட்டைப் போட்டுத் தேடினாலும் வரப்போவது ஏறத்தாழ அதே எண்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் அளவுகோல். பாரிஸில் தொடங்கப்பட்ட ப்ளூம் லேப்ஸ் நிறுவனத்தை 2022-இல் அக்யூவெதர் வாங்கியது. அதன் காற்றுத் தரப் பக்கங்களில் நாம் பார்ப்பது ப்ளூமின் அளவுகோல். அதில் 50-ஐத் தொட்டாலே மோசம், 100-ஐத் தொட்டால் உடலுக்குக் கேடு, 250-க்கு மேல் அபாயம். இந்திய அளவுகோலிலோ ‘மோசம்’ தொடங்குவதே 201-இல். அந்தப் பக்கத்தில் 180 என்று பார்த்துவிட்டு “இருநூறுக்குள்தானே, பரவாயில்லை” என்று கிளம்புகிறவர் இரண்டு அளவுகோல்களைக் குழப்பிக்கொள்கிறார். சுத்தமான காற்றுள்ள ஊர்களில் சின்ன ஏற்ற இறக்கத்தைக் காட்ட அது நல்ல அளவுகோல். டெல்லிக் குளிர்காலத்தில் அது மேல் வகைகளிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆடத்தக்க நாளையும் ஆடக்கூடாத நாளையும் பிரித்துக் காட்டாது. எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை.

சரி, உண்மையான கருவி எங்கே இருக்கிறது? டெல்லியில் சுமார் 40 தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. கோல்ஃப் கிளப்புக்கு உதவுபவை மூன்று. வடக்கே இந்தியா கேட் பக்கம் மேஜர் தியான் சந்த் தேசிய விளையாட்டரங்கம். தெற்கே ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். வானிலைத் துறை அலுவலகம் உள்ள லோதி ரோடு. முதல் இரண்டும் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுடையவை. மூன்றையும் பார்த்து நடு எண்ணை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. காற்று வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசினால் தியான் சந்த் எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம். அந்தக் காற்றுதான் அடுத்து மைதானத்துக்கு வரும்.

ஏன் மூன்று? நிலையக் கருவிகளும் சறுக்கும். பீட்டா கதிர் தேய்வைக் கொண்டு துகளை எடை போடும் கருவிகள்தான் பெரும்பாலும் வைக்கப்பட்டிருக்கின்றன. காகித நாடா தீர்ந்து மாற்றும்போதும் மின்சாரம் போய் வரும்போதும் ஒரு மணி நேர மதிப்பு திடீரென்று சரியும், அல்லது அதே எண் மணிக்கணக்கில் மாறாமல் நிற்கும். பக்கத்தில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் ஒரு நிலையம் மட்டும் எகிறும். மூன்றில் ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

மைதானத்துக்குள் மரங்கள் அடர்ந்திருக்கின்றன, மயில்கள் உலவுகின்றன, லால் பங்களா போன்ற பழைய கல்லறைக் கட்டடங்கள் நடுவே நிற்கின்றன. அதனால் உள்ளே காற்றும் வேறாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சாலையோரப் புழுதி, அதாவது பிஎம் 10-இன் பருமனான பகுதி, உள்ளே கொஞ்சம் குறையும். இலை அதைப் பிடித்து வைக்கும். பிஎம் 2.5 அப்படி இல்லை. பஞ்சாபிலிருந்து காசியாபாத் வரை ஒரே போர்வையாகப் படிந்து கிடக்கும் மாசு, மதில் சுவரைப் பார்த்து நின்றுவிடாது.

341 எப்படி, 137 எப்படி

இந்திய ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, 2014-இல் வந்தது. எட்டு மாசுகள், ஆறு வகைகள்: 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் 500 வரை கடுமை. எந்த மாசின் எண் உயரமோ அதுவே அன்றைய எண். டெல்லிக் குளிர்காலத்தில் அது பெரும்பாலும் பிஎம் 2.5. கவனிக்க வேண்டியது, துகள்களுக்கு இந்த எண் 24 மணி நேரச் சராசரி என்பது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ஒவ்வொரு மணிக்கும் எண் மாறுவதால் அது இந்த மணியின் காற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாறுவது சராசரியின் முனை மட்டும்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முந்தைய 20 மணி நேரம் பிஎம் 2.5 கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம். விடியற்காலையில் நல்ல காற்று வீசி, கடைசி 4 மணி நேரம் 40-க்கு இறங்கிவிட்டது. 24 மணி நேரச் சராசரி 173. இந்திய ஏக்யூஐ 341, ‘மிக மோசம்’. உண்மையில் வெளியே இருப்பது ‘திருப்தி’ வகைக் காற்று. இதே நேரம் அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றும் ஐக்யூஏர் போன்ற செயலி, நவ்காஸ்ட் என்ற முறையில் கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, அண்மை மணிகளுக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடும். அந்தக் கணக்கில் சுமார் 50 மைக்ரோகிராம். அமெரிக்க எண்ணில் 137. அன்று 341-ஐ நம்பி வீட்டில் இருந்தவர் அந்த வாரத்தின் சிறந்த காலையை இழந்தார்.

திருப்பிப் போட்டால்தான் ஆபத்து. 20 மணி நேரம் 80. பின்னிரவில் காற்று அடங்கி, கடைசி 4 மணி நேரம் 260. சராசரி 110, இந்திய எண் 266, வெறும் ‘மோசம்’. டெல்லிக்காரர் இதை நல்ல நாள் என்றே எடுத்துக்கொள்வார். வெளியே இருப்பது ‘கடுமை’. நவ்காஸ்ட் கணக்கில் அமெரிக்க எண் 345-ஐத் தாண்டும்.

“அமெரிக்க எண் எப்போதும் கூடுதலாகக் காட்டும்” என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. ஒரே அடர்த்திக்கு இரண்டையும் ஒப்பிட்டால், 50 மைக்ரோகிராமுக்கு இந்திய எண் 83, அமெரிக்க எண் 137. 80 வாக்கில் இரண்டும் சந்திக்கின்றன. 200 மைக்ரோகிராமுக்கு இந்திய எண் 362, அமெரிக்க எண் 275. அதாவது மாசு கூடிய காலையில் அமெரிக்க எண்தான் சாதுவாகத் தெரியும். 2024 மே மாதம் அமெரிக்கா தன் எல்லைகளைத் திருத்திய பிறகு நிலவும் கணக்கு இது. பழைய ஒப்பீட்டு அட்டவணைகளைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அழித்துவிடலாம்.

இந்தக் குழப்பத்திலிருந்து விடுபட ஒரே வழி, குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு மைக்ரோகிராமில் பேசுவது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்புத் தளத்தில் நிலையத்தைத் தேர்ந்து, அளவுருவில் பிஎம் 2.5, இடைவெளியில் ஒரு மணி நேரம் என்று கொடுத்தால் அடர்த்தி வரும். சமீரில் நிலையத்தைத் தட்டினால் பிஎம் 2.5-க்கு நேரே சராசரி, குறைந்தது, கூடியது என்று மூன்று எண்கள் தெரியும். அவை மைக்ரோகிராம் இல்லை, அந்த ஒரு மாசுக்கான ஏக்யூஐ எண்களான துணைக் குறியீடுகள். அங்கே 340 என்றால் அடர்த்தி 172 வாக்கில். இதைக் கவனிக்காமல் “பிஎம் முந்நூற்று நாற்பது” என்று வாட்ஸாப் குழுவில் போடுகிறவர்கள் ஏராளம்.

முந்தைய நாள் மாலைக்கான தளம்

2010 காமன்வெல்த் போட்டிக்காக ஐஐடிஎம் தொடங்கிய சஃபர் தான் டெல்லிக்கான முதல் முன்னறிவிப்பு ஏற்பாடு. 2018 அக்டோபரில் வந்த முன்னெச்சரிக்கை அமைப்பு அதைவிட விரிவானது. வானிலையையும் வேதிவினைகளையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரி. செயற்கைக்கோள் காணும் தூசு மூட்டம், தரை நிலைய அளவுகள், வயல் தீ எண்ணிக்கை எல்லாம் அதற்குள் போகின்றன. டெல்லிப் பகுதிக்கு 400 மீட்டர் கட்டம் வரை இறங்குகிறது. மூன்று நாளுக்கு விரிவாகவும், அதன் பிறகு வரும் நாட்களுக்கு மேலோட்டமாகவும் சொல்லும்.

கோல்ஃப் ஆடுகிறவர் அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ‘மிக மோசம்’, ‘கடுமை’ என்ற வகையை அல்ல. கீழே வரும் இரண்டு எண்களை. ஒன்று கலப்பு உயரம்: தரையில் வெளியாகும் புகை எவ்வளவு உயரம் வரை கலந்து பரவ முடியும் என்பது. மற்றது காற்றோட்டக் குறியீடு: அந்த உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கியது. காற்றோட்டக் குறியீடு 6,000-க்குக் கீழே, சராசரிக் காற்று வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் மாசு கலைய வழியில்லை என்று அறிக்கையே குறிப்பிடும்.

1,200 மீட்டர் உயரம், நொடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் 3,600. இது மதியத்தின் கதை. காலை ஆறரைக்கு அதே இடத்தில் கலப்பு உயரம் 150 மீட்டர், காற்று நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் வெறும் 150. இரவெல்லாம் நகருக்குள் வந்த லாரிப் புகையும், குளிருக்கு மூட்டிய விறகுப் புகையும், வடமேற்கிலிருந்து வந்த வைக்கோல் புகையும் அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழேதான். குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஏறும் பிஎம் 2.5 காலை ஒன்பது வரை இறங்காது. மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை நாளின் தாழ்ந்த அளவுக்கு வரும். சென்னையில் விடியற்காலை ஆட்டம் என்பது வெயிலுக்கு முந்திக்கொள்ளும் வழி. அந்தப் பழக்கத்தை அப்படியே டெல்லி டிசம்பருக்குக் கொண்டுபோனால் நாளின் மோசமான நான்கு மணி நேரத்தைத் தேடிப்பிடித்து ஆடியதாக ஆகும்.

தளத்தில் மணிவாரியான பிஎம் 2.5 வரைபடமும் உண்டு. நாளைய கோடு எத்தனை மணிக்குச் சரியத் தொடங்குகிறது என்று அதில் பாருங்கள். அந்த மணிக்கு ஒரு மணி நேரம் கழித்து டீ நேரம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், கேளுங்கள். நவம்பர் கடைசியில் டெல்லியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஆகவே 18 ஹோல், அதாவது முழுச் சுற்று, ஆட நினைப்பவருக்குப் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள் தொடங்குவதே இரண்டுக்கும் ஒத்துவரும். ஒன்பது ஹோல் மட்டும் என்றால் கிளப்பின் சின்ன மைதானமான பீகாக் கோர்ஸில் இரண்டு மணிக்குத் தொடங்கலாம்.

எங்கே தவறும்? மாசு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நாட்களில் வகையைச் சரியாகவே பிடிக்கும். திடீர் உச்சங்களில் தடுமாறும். தீபாவளி இரவில் எவ்வளவு வெடி வெடிக்கும் என்பது எந்த மாதிரிக்கும் தெரியாது. வயல் தீயைக் காணும் செயற்கைக்கோள்களில் முக்கியமானவை மதியம் ஒன்றரை வாக்கில் கடந்துபோகின்றன. அதன் பிறகு கொளுத்தினால் அன்றைய கணக்கில் விழாது, புகை மட்டும் மறுநாள் வந்து சேரும். மேற்கிலிருந்து வரும் குளிர்கால வானிலை அமைப்பான மேற்கத்தியக் கலக்கம் கொண்டுவரும் மழை ஆறு மணி நேரம் தள்ளிப்போனால் முன்னறிவிப்பும் அதே ஆறு மணி நேரம் பிசகும். ஆகவே மூன்றாம் நாள் கணிப்பை வைத்து வெளியூரிலிருந்து விமானச் சீட்டு எடுப்பது சரியல்ல. முந்தைய மாலைக் கணிப்பை வைத்து டீ நேரத்தை மாற்றுவது சரி. தளத்தின் தோற்றம் பழைய பாணி. கைபேசித் திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இருந்தும் ஐந்துக்கு நாலரை.

இதே கணிப்புகளை வைத்துத்தான் கிராப் எனும் படிநிலைக் கட்டுப்பாடுகளும் வருகின்றன. மூன்றாம் படி அறிவிக்கப்பட்டால் டெல்லி, குருகிராம், பரிதாபாத், காசியாபாத், நொய்டா அடங்கிய கௌதம புத்த நகர் எங்கும் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களுக்கும் பிஎஸ்-4 டீசல் கார்களுக்கும் தடை. பழைய டீசல் காரின் டிக்கியில் கோல்ஃப் பையைப் போட்டுக் கிளம்பும் முன் அந்த அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 16 முதல் 19 வரை இதே மைதானத்தில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தது. ரோரி மெக்கில்ராய் ஆடினார், டாமி ஃப்ளீட்வுட் வென்றார். கிராப் முதல் படி 14-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது, இரண்டாம் படி கடைசிச் சுற்று நடந்த 19-ஆம் தேதி. 20-ஆம் தேதி தீபாவளி. மழைக்காலம் விலகும் செப்டம்பர் இறுதிக்கும் தீபாவளிக்கும் இடையில் டெல்லிக்குக் கிடைக்கும் சாளரம் இவ்வளவு குறுகியது. வெளியூரிலிருந்து ஆட வருகிறவர்கள் அக்டோபர் முதல் பாதியையோ, பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய உள்ள காலத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

மற்ற செயலிகள், சுருக்கமாக

ஐக்யூஏர் செயலியை அமெரிக்க எண்ணுக்காக அல்ல, அடர்த்திக்காக வைத்துக்கொள்ளலாம். நிலையப் பக்கத்தில் பிஎம் 2.5 மைக்ரோகிராமிலும் தெரியும். நிலையத்தின் பெயருக்குக் கீழே அரசுக் கருவியா தனியார் உணர்வியா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பு சுமார்.

கூகுள் வரைபடத்தின் காற்றுத் தர அடுக்கு அரை கிலோமீட்டர் கட்டங்களில் வருகிறது. 2024-இல் தொடங்கிய ஏர்வியூ ப்ளஸ் திட்டத்தின் மலிவு உணர்விகளும் அதற்கு உதவுகின்றன. நிலையம் செயலிழந்த காலையில் இடைவெளியை நிரப்ப நல்லது. கட்டம் சின்னது என்பதால் ஒன்பதாவது ஹோலுக்கும் பதினெட்டாவது ஹோலுக்கும் வித்தியாசம் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விண்டி தளத்தில் பிஎம் 2.5 அடுக்கு ஐரோப்பிய கோப்பர்நிகஸ் மாதிரியிலிருந்து வருகிறது. அதன் கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். டெல்லியின் பெரும்பகுதியை ஒரே கட்டம் விழுங்கிவிடும். மைதானத்துக்கு உதவாது. ஆனால் பஞ்சாப் புகை எந்தத் திசையில் நகர்கிறது என்று ஐந்து நாளுக்கு ஓட்டிப் பார்க்க இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

பலர் கவனிக்காத ஒரு இலவசச் சேவை, விமான நிலையங்களின் மெட்டார் எனும் வானிலை அறிக்கை. டெல்லியின் பாலம் (இந்திரா காந்தி) விமான நிலையத்தின் குறியீடு விஐடிபி. பார்வைத் தூரம் மீட்டரில் இருக்கும். பக்கத்தில் எஃப்யூ என்றால் புகை, ஹெச்இசட் என்றால் மங்கல், பிஆர் என்றால் பனிமூட்டம், எஃப்ஜி என்றால் மூடுபனி. அரை மணிக்கொருமுறை மாறும். பார்வைத் தூரம் குறைந்து எஃப்யூ என்று வந்தால் புகை; எஃப்ஜி என்றால் பத்து மணி வரை பந்து போகுமிடமே தெரியாது. லேசர் தூரமானியும் அந்த நேரத்தில் கொடிக்கம்பை விட்டுவிட்டு நடுவில் உள்ள துளிகளைப் படித்துத் தப்பான கெஜம் சொல்லும். ஜிபிஎஸ் கடிகாரம் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள்.

கையடக்கக் கருவி வாங்கலாமா

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பெரும்பாலான கருவிகளுக்குள் இருப்பது ஒரு சின்ன விசிறியும் லேசரும். துகள் ஒளியைச் சிதறடிப்பதை எண்ணி, எடையாக ஊகிக்கும். பையில் ஒன்று இருந்தால் நல்லதுதான், அதன் பலவீனம் தெரிந்திருந்தால்.

முதலாவது ஈரம். ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும். கருவி அதையும் தூசு என்று எண்ணும். மூடுபனியில் துளிகளையே எண்ணும். காலை நேரத்தில் ஃபேர்வே எனும் புல்பாதையில் நீர்த்தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் நிற்கவே கூடாது. எண் ஒரே தாவாகத் தாவும். அமெரிக்காவில் இத்தகைய உணர்விகளுக்கு ஈரத்தைக் கழிக்கும் திருத்தச் சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. அது அங்குள்ள காற்றுக்குப் பொருத்திச் செய்தது, டெல்லி அடர்த்திகளுக்கு அப்படியே போடக்கூடாது. அதற்குப் பதில், ஈரம் குறைந்த ஒரு மதியத்தில் தியான் சந்த் விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் கருவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நிலைய அளவோடு ஒப்பிட்டு விகிதம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பருமனான தூசு அதன் கண்ணுக்குச் சரியாகப் படாது. மே மாதப் புழுதிக் காற்றிலும், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் மணல் தூவும் நாட்களிலும் பிஎம் 10 எண்ணைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

அளக்கும் முறை: இயக்கியதும் வரும் முதல் அரை நிமிட எண்ணை விட்டுவிடுங்கள். மூக்குயரத்தில் பிடியுங்கள், பைக்குள் வைத்து அளக்காதீர்கள். புல்வெட்டி, ஜெனரேட்டர், சிகரெட், தந்தூரி அடுப்பு இவற்றிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். இரண்டு நிமிடச் சராசரி எடுங்கள். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எந்த அளவில் என்ன செய்வது

பக்கி வண்டியில் ஆடும் கோல்ஃபுக்கு 3.5 மெட் (ஓய்வைப் போல் 3.5 மடங்கு உழைப்பு), பையைச் சுமந்து நடந்தால் 4.3, இழுத்துக்கொண்டு போனால் 5.3 என்று உடலுழைப்பு அட்டவணை சொல்கிறது. நடந்து ஆடுகிறவர் நிமிடத்துக்கு 25 லிட்டர் மூச்சு இழுப்பதாக வைத்தால், நாலரை மணி நேரத்தில் ஏழு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 200 மைக்ரோகிராம் காற்றில் அது 1,350 மைக்ரோகிராம், 60-இல் 405. காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எங்கள் கை விதி இப்படி. ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு 60-க்குள் என்றால் நடந்து ஆடலாம். 60 முதல் 120 வரை பக்கி அல்லது ஒன்பது ஹோல். 120-க்கு மேல் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் கிளம்ப வேண்டாம். மற்றவர்கள் மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 250-க்கு மேல் யாருக்கும் ஆட்டம் இல்லை. இது கண்டிப்பான விதி என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியத் தரத்தின் 24 மணி நேர எல்லையே 60, உலக சுகாதார அமைப்பு 2021-இல் வைத்த எல்லை 15. முகக்கவசம் போட்டு ஆடுவதானால் மூக்குப் பாலத்தில் இறுகப் படியும் என்95. துணிக் கவசம் பிஎம் 2.5-க்குப் பெரிதாக உதவாது.

ஆட்டக்காரர் ஒரு சுற்றோடு வீட்டுக்குப் போய்விடுவார். பை சுமக்கும் கேடி அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சுற்றுக்கும் போவார். எந்தச் செயலியும் அவரை நினைத்து எண் காட்டுவதில்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டரின் மேசையில் ஒரு பலகை வைத்து, அன்றைய மணிவாரி பிஎம் 2.5-ஐ எழுதி, 120-க்கு மேல் போனால் பக்கி கட்டாயம் என்று ஒரு மன்றம் முடிவெடுத்தால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. காய்ந்த இலையை மூலையில் குவித்துக் கொளுத்தும் பழக்கத்தையும் நிறுத்தலாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லிவிட்டது.

கோடையில் கணக்கு தலைகீழ். ஏப்ரல் முதல் ஜூன் வரை கலப்பு உயரம் நன்றாக ஏறிவிடும், பிஎம் 2.5 பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு: புழுதிப் புயலில் பிஎம் 10, பிற்பகலில் ஓசோன். ஓசோன் வெயிலில் பிறப்பது; மதியம் இரண்டுக்கு மேல் உச்சம், காலையில் மிகக் குறைவு. அப்போது விடியற்காலை டீ நேரம்தான் சரி. குளிர்காலத்தில் மதியத்தைப் பழகியவர்கள் ஏப்ரலில் இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேறு மைதானங்களுக்குப் போகிறவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம், நிலையம் மட்டும் மாறும். லாடோ சராயில் உள்ள குதுப் கோல்ஃப் மைதானத்துக்கு ஸ்ரீ அரவிந்தோ மார்க், சிரி ஃபோர்ட். குருகிராமில் டிஎல்எஃப் மைதானத்துக்கு டெரி கிராம், செக்டர் 51. கிரேட்டர் நொய்டாவின் ஜேபி கிரீன்ஸுக்கு நாலெட்ஜ் பார்க் 3. அங்கே சுற்றிலும் கட்டுமான வேலை நடக்கும் இடங்கள் அதிகம் என்பதால் பிஎம் 2.5-ஓடு பிஎம் 10-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.